இரண்டாம் முழுக்கு

எனக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது.

முதல் தடவை நான் பிறந்து இருபத்தொரு நாள். தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயிலில் ஞானத்தாய் என்னை ஏந்தியிருக்க, சாமியார் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். வீறிட்டு அழுதேன் என்று அம்மா சொல்வாள். இரண்டாம் தடவை எனக்கு வயது இருபத்தாறு. சென்னையில் ஒரு பாப்டிஸ்ட் சபை. மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, போதகர் என்னைப் பின்பக்கமாகச் சாய்த்து முழுக்கினார். அப்போதும் அழுதேன். முழுகி எழுந்தவள் முகத்தில் கண்ணீர் எது, தொட்டித் தண்ணீர் எது என்று யாருக்குத் தெரியும்? சபையார் கைதட்டினார்கள். ஒன்பதாம் நாள் கல்யாணம்.

முதல் தடவை என்னை யாரும் கேட்கவில்லை, எனக்குப் பேச்சு வராது. இரண்டாம் தடவை கேட்டார்கள். “சொந்த விருப்பத்தோடுதான் வந்திருக்கிறாயா, மகளே?” மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. அப்பா நகைக்கடன் வாங்கியாயிற்று. “ஆம்” என்றேன். குழந்தையிடம் கேட்காமல் செய்வது தவறு என்று சொல்லும் சபை, மறுக்க முடியாத இடத்தில் நிறுத்திவைத்து என்னைக் கேட்டது.

இருபது வருடமாக இதை நான் எழுதவில்லை. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி துறை அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். “மேம், முழுக்கு எடுத்தாத்தான் கல்யாணம்னு சொல்றாங்க. எல்லாம் ஒரே ஏசுதானே, எடுத்துக்கிட்டா என்னன்னு அம்மாவும் சொல்றாங்க. எடுத்துக்கவா?”

“எல்லாம் ஒரே ஏசுதானே.” இதே வாக்கியத்தை எனக்கும் சொன்னார்கள். பெண் மாறவேண்டியிருக்கும்போது மட்டும் சபைகளுக்கு இடையே வித்தியாசமே இல்லாமல் போய்விடும். “அப்படியானால் மாப்பிள்ளையே கத்தோலிக்கக் கோயிலுக்கு வரட்டுமே” என்று கேட்டுப் பாருங்கள். “அதெப்படி? அது கொள்கை விஷயம்” என்பார்கள். அவனுக்கு இருப்பது கொள்கை, அவளுக்கு இருப்பது பிடிவாதம். இந்தக் கட்டுரை அந்தக் கொள்கையைப் பற்றியது. வித்தியாசம் உண்டு. அதை மதிக்கிறேன். மதிப்பதால்தான் கோபம் வருகிறது.

*

கத்தோலிக்கர்களுக்குத் திருமுழுக்கு கடவுள் செய்யும் காரியம். குழந்தைக்குப் புரிகிறதா என்பது அங்கே கேள்வியில்லை. பசித்த குழந்தைக்குத் தாய்ப்பாலின் பொருள் தெரியவேண்டியதில்லை என்பதுபோல, அருள் முந்திக்கொண்டு வருகிறது. ஒருமுறை விழுந்த முத்திரை அழியாது, ஆகவே திருமுழுக்கை இரண்டாம் முறை கொடுக்க முடியாது. பிற சபையில் தண்ணீராலும் மூவொரு கடவுள் பெயராலும் பெற்றதைக்கூடக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே ஏற்கிறது.

பாப்டிஸ்டுகள் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு. தானே நம்பி, தன் வாயால் அறிக்கையிடாதவருக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல. அவர்கள் கணக்கில் என் தலையில் ஊற்றிய தண்ணீர் வெறும் தலைக்குளியல், தொட்டியில் நடந்ததுதான் முதலாவது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வீரமான வரலாறு உண்டு. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பிறகு கூட இருந்தவர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி, மனிதரின் ஆன்மாவின் மேல் அரசனுக்கு அதிகாரமில்லை என்று 1612இல் புத்தகம் எழுதி, நியூகேட் சிறைக்குப் போனார். தன் கூட்டத்துக்கு மட்டும் அவர் அந்த உரிமையைக் கேட்கவில்லை. யூதருக்கும் இஸ்லாமியருக்கும் சேர்த்தே கேட்டார். மனசாட்சியை யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதுதான் பாப்டிஸ்ட் சபை பிறந்த வித்து.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் வடிந்த சமயம், 1878 ஜூலை 3ஆம் தேதி, ஓங்கோலுக்கு அருகே குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் பாப்டிஸ்ட் முழுக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் மாதிகர்கள். ஊர்க் குளத்தில் கால் நனைக்க அனுமதியில்லாத மக்கள் ஒவ்வொருவராக ஆற்றில் இறங்கித் தலைமுழுகி எழுந்தார்கள். அந்தத் தண்ணீரைக் கேலிசெய்ய எனக்குத் தகுதியில்லை.

அதே முழுக்கைத்தான் கல்யாணப் பேச்சில் நிபந்தனையாக வைத்தார்கள். பிள்ளைவீட்டார் கேட்ட பவுனோடும் பாத்திரத்தோடும் என் மனசாட்சியும் பட்டியலில் ஏறியது. ஹெல்விஸ் சிறைக்குப் போனது இதற்காகவா? என்னை முழுக்கியது பாப்டிஸ்ட் கொள்கை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பாப்டிஸ்ட் கொள்கையின்படியே அந்த முழுக்கு செல்லாது. கத்தோலிக்கக் கொள்கையின்படியும் செல்லாது. இரண்டு இறையியலும் மறுக்கும் ஒரு காரியத்தை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்திவைத்தன.

என் கணவரின் கதையையும் சொல்லவேண்டும். அவர் முழுக்கெடுத்தது பதினான்கு வயதில், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த வாரம், வகுப்பு மொத்தமாக. ஆச்சி ஆசைப்பட்டார்களாம். அவருடைய சொந்த விருப்பத்தை யாரும் துருவிப் பார்க்கவில்லை. பிறந்த சபையிலேயே இருந்துவிட்ட ஆணுக்கு விசுவாசி என்று பெயர். அதையே செய்ய விரும்பிய எனக்கு அடங்காதவள் என்று பெயர்.

கத்தோலிக்கத் தரப்பும் கைகட்டி நிற்கவில்லை. ஓலை வாசிக்கக் கேட்டுப் போனபோது பங்குத்தந்தை ஒரு தாளை நீட்டினார். பிற சபையாரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கு, பிறக்கும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு கொடுக்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று நான் வாக்களிக்கவேண்டும். திருச்சபைச் சட்டம் இங்கே ஆண் பெண் பார்ப்பதில்லை, கத்தோலிக்கராக இருப்பவர் வாக்களிக்கவேண்டும், அவ்வளவுதான். நடப்பு வேறு. கத்தோலிக்க ஆண் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, வருகிற பெண் எப்படியும் அவன் கோயிலுக்கு வந்துவிடுவாள். கத்தோலிக்கப் பெண் கையெழுத்துப் போட்டால் மாமியார் வீட்டில் தினம் ஒரு போர் நடத்தவேண்டும். நான் போடவில்லை. போரை நடத்தத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் இரண்டு வீட்டிலும் பொருந்தியிருந்தது, சாதி. அதில் கரையாத கறையாக இருந்ததால்தான் பேச்சே தொடங்கியது. நம்முடைய வரன் விளம்பரங்களைப் பாருங்கள். ஆர்.சி. ஆனாலும் சரி, சி.எஸ்.ஐ. ஆனாலும் சரி, சபை தடையில்லை என்று எழுதிவிட்டுச் சாதிப் பெயரை மட்டும் மறக்காமல் போடுவார்கள். கிறிஸ்துவின் சாவுக்குள் முழுகி எழுந்த பிறகும் நனையாமல் மிதக்கிற ஒரே பொருள் அது.

*

தமிழ் படித்தவள் என்பதால் நான் சபை மாறியதை முதலில் சொற்களில்தான் உணர்ந்தேன். பூசை ஆராதனை ஆயிற்று. நன்மை வாங்குவது திருவிருந்து எடுப்பதாயிற்று. விவிலியம் வேதாகமம் ஆயிற்று. அம்மா வீட்டுச் சுவரில் இருந்த சுரூபம், அத்தை வாயில் விக்கிரகம் ஆயிற்று. ஒரே மொழிக்குள் நான் நாடு கடத்தப்பட்டேன்.

மரியாவிடம்தான் இது அதிகம் வலித்தது. அவர் பெயர் இங்கே மரியாள். பழைய மொழிபெயர்ப்பில் வானதூதன் அவளை ‘நீ’ என்கிறான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்படுவதில், ‘நீர்’. பழையதில் ஆண்களும் ‘அவன்’தான், அது அக்கால வழக்கு என்று வகுப்பில் சொல்லித்தருகிறவள் நான். ஆனால் “மரியாள் ஒரு பாத்திரம் மட்டுமே” என்று பிரசங்கத்தில் கேட்டபோது எந்த மொழி வரலாறும் ஆறுதல் தரவில்லை. பாத்திரம்! காரியம் முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவைப்பது. பிரசங்கம் முடிந்ததும் சபை விருந்தின் பாத்திரங்களைக் கழுவியது யார் என்று தனியே சொல்லவேண்டுமா?

அதற்காகக் கத்தோலிக்கம் மரியாவைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். தங்கத்தேரில் ஏற்றி ஊரைச் சுற்றி இழுக்கும் அதே கோயிலில், எந்தப் பெண்ணாலும் ஆகமுடியாத கன்னித்தாயை எல்லாப் பெண்ணுக்கும் அளவுகோலாக நிறுத்துகிறார்கள். மேலே தூக்குவதும் கீழே கவிழ்ப்பதும் ஒரு கைக்குத் தெரிந்த இரண்டு வேலைகள்.

இன்னொரு இழப்பு உண்டு. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், பாப்டிஸ்ட் வேதாகமத்தில் 66. அந்தக் கணக்கில் யூதித்து போய்விட்டாள், படையெடுத்து வந்த தளபதியின் தலையை அவன் கூடாரத்திலேயே வெட்டியெடுத்தவள். சூசன்னாவும் போய்விட்டாள். குளிக்கும் இடத்தில் இரண்டு மூப்பர்கள் மறைந்திருந்து அவளை மிரட்டுகிறார்கள். இணங்காததால் அவள்மேலேயே பழி போடுகிறார்கள். மூப்பர்கள் சொன்னதால் சபை நம்புகிறது, அவளுக்குக் கொலைத்தண்டனை விதிக்கிறது. தானியேல் இரண்டு மூப்பரையும் தனித்தனியாக விசாரித்த பிறகே உண்மை வெளிவருகிறது. பெண்ணின் வார்த்தைக்கு எதிராக மூப்பரின் வார்த்தை நிற்கும்போது சபை யாரை நம்பும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. ஒரு சபை அதைத் தன் வேதத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மற்றது வைத்துக்கொண்டு, தவக்காலத்தில் ஆண்டுதோறும் வாசித்துவிட்டு, மூடிவைத்துவிடுகிறது.

*

இரண்டு சபைகளும் சேரும் இடத்துக்கு வருவோம்.

ஒரு பக்கம் போப், ஆயர், குரு என்று மேலிருந்து கீழே இறங்கும் அதிகாரம். மறுபக்கம் ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தனக்குத்தானே ராஜா, விசுவாசிகள் எல்லாருமே குருக்கள். இதைவிட எதிரெதிரான இரண்டு அமைப்புகள் கிறிஸ்தவத்தில் அரிது. ஆனால் 1994இல் இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று அறிவித்தார். 1998இல் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவை, மனைவி கணவனுக்குப் பணிவோடு கீழ்ப்படியவேண்டும் என்பதைத் தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 2000இல் போதகர் பணி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியது. 2023இல் பெண் போதகர்களை வைத்திருந்ததற்காகத் தன் மிகப் பெரிய சபைகளில் ஒன்றான சேடில்பேக்கை வெளியேற்றியது. எல்லா பாப்டிஸ்டுகளும் இப்படி அல்ல, அமெரிக்கன் பாப்டிஸ்ட் சபைகளில் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். தெற்கத்தியப் பேரவைக்குள்ளேயே 1964இல் ஆடி டேவிஸ் அருட்பொழிவு பெற்றார். கதவு ஒருமுறை திறந்தது. பிறகு ஆள் வைத்து அடைத்தார்கள்.

எல்லா விசுவாசிகளும் குருக்கள் என்ற கோட்பாடு பெண்ணிடம் வரும்போது ஏன் நின்றுவிடுகிறது? கத்தோலிக்கத்தில் எனக்குக் குருத்துவம் இல்லை என்று நேராகவே சொன்னார்கள். இங்கே உண்டு என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை மட்டும் தரமாட்டார்கள்.

பாலியல் வன்முறை வெளியே வந்தபோதும் இரண்டு அமைப்புகளும் தத்தம் வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 2002இல் பாஸ்டனில் கத்தோலிக்க அதிகாரம் தன் அதிகாரத்தைக் கொண்டே மறைத்தது தெரியவந்தது. குற்றம் சாட்டப்பட்ட குருவை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றினார்கள், புதுப் பங்கின் தாய்மார்களுக்குச் சொல்லவில்லை. தெற்கத்திய பாப்டிஸ்ட் தலைமை தன் அதிகாரமின்மையைக் கொண்டு மறைத்தது. ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது, எங்களால் எதுவும் செய்யமுடியாது என்று பாதிக்கப்பட்டவர்களிடம் வருடக்கணக்காகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியலை ரகசியமாகத் தயாரித்து வைத்திருந்தார்கள். 2022 மே மாதம் வந்த தனி விசாரணை அறிக்கை அதை வெளிக்கொணர்ந்தது. சுமார் 700 பதிவுகள். பெண் போதகர் இருந்தால் ஒரு சபையை வெளியேற்ற முடிகிறது. குற்றம் சாட்டப்பட்ட ஆண் போதகர் இருந்தால் சபைச் சுதந்திரம் குறுக்கே நிற்கிறது.

கேரளத்தில் 2018இல் ஒரு கன்னியர் ஆயர்மேல் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். 2022இல் விசாரணை நீதிமன்றம் ஆயரை விடுவித்தது. இங்கே நான் தீர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. அவருக்காகக் கொச்சியில் தெருவில் உட்கார்ந்த சக கன்னியர்களைப் பற்றிப் பேசுகிறேன். அவர்கள்மேல் விழுந்த முதல் கல், சபைத் துரோகிகள் என்பது.

*

சபைக்கு விசுவாசமாக இருப்பது என்றால் என்ன?

1900இல் ரிச்மண்டில் கூடிய தேசிய பாப்டிஸ்ட் பேரவையில் நானி ஹெலன் பரோஸ் என்ற இளம் கறுப்பினப் பெண் எழுந்து, சகோதரிகள் உதவிசெய்ய எப்படித் தடுக்கப்படுகிறார்கள் என்று பேசினார். அந்தப் பேச்சிலிருந்து பெண்களின் தனிப் பேரவை எழுந்தது. 1979இல் வாஷிங்டனில் சகோதரி தெரேசா கேன், போப்பை வரவேற்கும் மேடையிலேயே, திருச்சபையின் எல்லாப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்படவேண்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஒருவர் பாப்டிஸ்ட், ஒருவர் கத்தோலிக்கர். இருவரும் கடைசிவரை தத்தம் சபையிலேயே இருந்தார்கள். தன் வீட்டில் ஒழுகும் இடத்தைக் காட்டுகிறவள் அந்த வீட்டில் வாழ நினைக்கிறவள். இதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

இருக்க முடியாமல் போனவர்களும் உண்டு. ஜிம்மி கார்ட்டர் 2000இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவையோடு உறவை முறித்தார். அவர் முடிவை மனசாட்சியின் முடிவு என்று உலகம் மதித்தது. வேதபாட ஆசிரியை பெத் மூர் பிரசங்கித்தார் என்ற பேச்சு எழுந்தபோது, 2019இல் ஒரு புகழ்பெற்ற போதகர் அவருக்குச் சொன்ன பதில், வீட்டுக்குப் போ. அரங்கம் சிரித்தது. 2021இல் பெத் மூரும் அந்தப் பேரவையை விட்டு வெளியேறினார். ஆண் சபையைவிட்டுப் போனால் சிந்தனையாளன், பெண் போனால் ஓடுகாலி. பெண்ணைக் கல்யாணத்துக்காகப் போகச் சொன்னால் மட்டும் அது குலவிளக்கு.

அம்மா செத்தபோது எனக்கு இது முழுதாக விளங்கியது. அடக்கப் பூசையில் நன்மை வாங்க வரிசையில் நின்றேன். அம்மாதான் ஏழு வயதில் வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டு எனக்குப் புதுநன்மை வாங்கவைத்தவள். குருவானவருக்கு என்னைத் தெரியும். என் முறை வந்ததும் கிண்ணத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, நெற்றியில் சிலுவை மட்டும் போட்டு அனுப்பினார். சட்டப்படி அவர் செய்தது சரிதான். நான் சபையை விட்டுப் போனவள். அந்த நவம்பர் கல்லறைத் திருநாளுக்குப் போய் அம்மா தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஊருக்குத் திரும்பியதும் மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, செத்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை, நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று பொறுமையாக விளக்கினார். அவர் கொள்கைப்படி அவரும் சரிதான். இரண்டு சரிகளுக்கு நடுவில் அம்மாவுக்காக அழ எனக்கு ஓர் இடமில்லை.

ஆகவே சொல்கிறேன். பாப்டிஸ்ட் சபைகளே, உங்கள் கொள்கையை நீங்கள் நம்புவது உண்மையானால், கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு முழுக்குக் கொடுக்காதீர்கள். கல்யாணம் முடிந்து ஒரு வருடமாவது போகட்டும். அவளே வந்து கேட்டால் கொடுங்கள். கத்தோலிக்கக் குருக்களே, திருமுழுக்கின் முத்திரை அழியாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தது நீங்கள். அது உண்மையானால், நெருக்கடியில் முழுகிய பெண்ணை ஓடிப்போனவள் கணக்கில் எழுதாதீர்கள். அவளைத் தேடிப்போய், என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மாணவிக்கு என்ன சொன்னேன்? “உனக்கு நம்பிக்கை வந்தால் நாளைக்கே முழுகு, நானே துண்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் கல்யாணத் தேதியோடு வருகிற முழுக்கு ஞானஸ்நானம் இல்லை, சீர்வரிசை. ஒரு வருடம் பொறுக்க முடியுமா என்று அவனிடம் கேள்.”

கேட்டாளாம். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னானாம்.